வேர்க்குழாய் ஃபைல்களின் தூய்மைத்திறன்: எம்.டி.எஸ். ஆய்வேடு எழுதுவோருக்கு

பல்வேரின் உட்குழாயைச் செதுக்கித் தூய்மையாக்கும் மெல்லிய கருவிகளே வேர்க்குழாய் ஃபைல்கள். அவற்றை ஒப்பிடும் தலைப்பை எடுக்கும் எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலை) மாணவர்கள் எந்த ஃபைல் சிறந்தது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் துருவிக் கேட்பதோ, ஃபைலைத் தவிர மற்ற அனைத்தையும் சமமாக வைத்திருந்தீர்களா என்பதைத்தான். இதே தலைப்பில் ஆய்வேடு எழுதியவள் என்பதால், காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியிலிருந்து இப்படிப்புக்குச் செல்லும் இளையோருக்காக இதை எழுதுகிறேன்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பிறகே பிடுங்கப்பட்ட பற்களைச் சேகரியுங்கள். ஒவ்வொரு பல்லையும் இரு திசைகளில் எக்ஸ்ரே எடுத்து, நீள்வட்டக் குழாய் உள்ளவை ஒரே பிரிவில் குவியாதவாறு பங்கிடுங்கள்.

அதிகக் கவனம் வேண்டிய இடம் கழுவுதல். பல ஃபைல்களை வரிசையாகப் பயன்படுத்தும் புரோடேப்பர் போன்ற தொகுதியில் ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னும் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கழுவுதிரவத்தை ஊசியால் செலுத்துகிறோம். வேவ்ஒன் ஒற்றை ஃபைல் முறை என்பதால், திட்டமிடாவிட்டால் அந்தப் பிரிவுக்குக் குறைந்த திரவமும் குறைந்த நேரமுமே கிடைக்கும். திரவத்தின் மொத்த அளவு, ஊசியின் தடிமன், அது இறங்கும் ஆழம், தொடர்பு நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே நிர்ணயிக்காவிட்டால், நீங்கள் ஒப்பிட்டது ஃபைலையா திரவத்தையா என்ற கேள்விக்கு விடை இருக்காது. 2001இல் வெளியான மைக்ரோ சி.டி. (பல்லை வெட்டாமலே உட்புறத்தை முப்பரிமாணத்தில் காட்டும் நுண் ஸ்கேன்) ஆய்வு, எந்த முறையில் செதுக்கினாலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமல் எஞ்சியதைக் காட்டியது. அங்குள்ள பல்கூழைக் கரைப்பது ஹைப்போகுளோரைட்தான். செதுக்கும்போது சுவரில் படியும் ஸ்மியர் படலத்தின் கனிமப் பகுதியை நீக்க 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல் வேண்டும்.

இறுதி அளவும் ஒத்திருக்க வேண்டும். புரோடேப்பர் எஃப்2, வேவ்ஒன் பிரைமரி இரண்டின் முனை விட்டமும் 0.25 மி.மீ., நுனியருகே டேப்பர் (முனையிலிருந்து மேலே போகப் போகத் தடிமன் கூடும் வீதம்) 8 சதவீதம். இவற்றோடு 2 சதவீத டேப்பர் கொண்ட 25ஆம் எண் கே-ஃபைலை (கையால் இயக்கும் ஃபைல்) அப்படியே ஒப்பிட்டால், ஊசி இறங்கவே இடம் போதாத குறுகலான குழாயைக் குறை சொல்வதாகிவிடும். ஒரு மி.மீ. இடைவெளியில் ஸ்டெப்-பேக் செய்தால், அதாவது அடுத்தடுத்த பெரிய எண் ஃபைலை ஒவ்வொரு மி.மீ. குறைவான ஆழத்தில் நிறுத்திச் செதுக்கினால், சுமார் 5 சதவீதம் கிடைக்கும், அதையாவது செய்யுங்கள்.

குழாய்ச் சுவரின் தூய்மையைப் படமெடுக்கும் மின்னணு நுண்ணோக்கிக்காகச் சென்னைக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை; காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலேயே அக்கருவி உண்டு. பல்லை நெடுக்காகப் பிளக்கும்போது தூள் குழாய்க்குள் விழாமல் பாருங்கள். எந்தப் பிரிவின் படம் என்றறியாத இருவர் தூய்மைக்கு மதிப்பெண் இடட்டும். இருவரின் மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கப்பா என்ற புள்ளியியல் அளவால் அளவிடுங்கள். 1 முதல் 5 வரையிலான மதிப்பெண் தரவரிசை என்பதால், சராசரிகளை ஒப்பிடும் அனோவா சோதனை பொருந்தாது, தரவரிசைகளை ஒப்பிடும் குருஸ்கல்-வாலிஸ் சோதனை பொருந்தும். வேர்நுனி மூன்றிலொரு பகுதியைத் தனியே காட்டுங்கள். சராசரியில் கலந்தால் மிக அழுக்கான இடம் மறைந்துபோகும்.

முடிவுரையில் எந்தப் பற்களில், எந்தக் கழுவுமுறையில் அந்த வேறுபாடு கிடைத்தது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.