ஒரு ‘எச்’ எழுத்தும் ஐ.சி.சி.ஆர் புலமைப்பரிசிலும்

தங்கச்சி டெல்லிக்குப் போய் ஏழு கிழமை ஆகிவிட்டது. கர்நாடக இசையில் எம்.ஏ., ஐ.சி.சி.ஆர் (இந்திய கலாசார உறவுகள் சபை) தருகிற புலமைப்பரிசில். நேற்று இரவு வீடியோ அழைப்பில் விடுதி அறையைக் காட்டினாள், கட்டிலுக்கு மேலே சுவரில் வயலின் பெட்டியைச் சாத்தி வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத மனம் வந்தது. ஏப்ரலில் எழுதியிருந்தால் கோபம் மட்டும்தான் இருந்திருக்கும். அடுத்த வருடம் வடக்கிலிருந்து விண்ணப்பிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது உதவட்டும்.

இந்தியத் துணைத் தூதரகம் 2010இல் யாழ்ப்பாணத்தில் திறந்ததிலிருந்து அவர்களுடைய நிகழ்ச்சிகளை ஊரில் பார்த்துக்கொண்டுதான் வருகிறோம். 2016 ஜூனில் துரையப்பா விளையாட்டரங்கை இந்திய உதவியில் புதுப்பித்துத் திறந்தபோது நடந்த யோகா நிகழ்ச்சி எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது பொது நூலகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய கலாசார மையம் வேறு இருக்கிறது, 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் வைத்தார்களே, அதுதான். அங்கே ஒரு கச்சேரி கேட்கப் போன இடத்தில்தான் பக்கத்து இருக்கைப் பிள்ளை ஒருத்தி ஐ.சி.சி.ஆர் பற்றி தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாள். பொறியியல், கணினிக்கு மட்டும்தான் தருவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. நடனம், இசை படிப்பவர்களுக்கென்றே லதா மங்கேஷ்கர் பெயரில் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. மாறாக, எம்.பி.பி.எஸ். இதில் கிடைக்காது. அதைத் தேடுகிறவர்கள் இங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

விண்ணப்பம் முழுவதும் ஐ.சி.சி.ஆரின் ஏ2ஏ (A2A) என்ற இணையத்தளத்தில்தான். பெப்ரவரியில் திறந்தது, ஏப்ரல் கடைசியில் மூடியது. கணக்குத் திறப்பது, பல்கலைக்கழகங்களைத் தெரிவு செய்வது, 500 சொல்லுக்குள் ஆங்கிலக் கட்டுரை, இதெல்லாம் இரண்டு பின்னேரத்தில் முடிந்தது. தங்கச்சி மருதனார்மடம் இராமநாதனில் இசை படித்து முடித்தவள், எந்தப் பல்கலைக்கழகத்தில் யார் படிப்பிக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். சென்னை, டெல்லி, பனாரஸ் என்று வரிசையாகப் போட்டுவிட்டாள்.

பிரச்சினை பத்திரங்களில் தொடங்கியது.

முதலில் கொழும்புக் கதை. தெரிந்த ஒருவர், வெளிநாட்டுக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பியவர், “பட்டச் சான்றிதழைக் கொழும்பில் உறுதிப்படுத்தி முத்திரை குத்தாமல் ஏற்றினால் தூக்கி எறிந்துவிடுவார்கள்” என்று அடித்துச் சொன்னார். யாரிடமும் கேட்டுப் பார்க்காமல் நம்பினோம். ஏப்ரல் இரண்டாம் கிழமை. சித்திரைப் புதுவருடத்துக்கு மூன்று நாள் இருக்கிறது என்ற யோசனையே எங்களுக்கு வரவில்லை. இரவு பஸ்ஸில் ஏறி விடிய வெள்ளவத்தையில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, முத்திரை குத்துகிற அலுவலகத்துக்குப் போனால் எங்களுக்கு முன்னால் நாற்பது பேர். பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா சான்றிதழைத் தொடவே இல்லை. கையொப்பம் வைக்கிற அதிகாரி ஊருக்குப் போய்விட்டாராம், வருடப் பிறப்பு முடிய வரட்டாம். இதைக் காலையிலேயே வாசலில் ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருக்கலாமே என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். “அடுத்த ஆள்” என்றார். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து படியில் இருந்துவிட்டாள்.

அன்றிரவே திரும்பினோம். போக வர இரண்டு இரவு, இரண்டு பேருக்கும் பஸ் காசு, நான் வேலையில் எடுத்த லீவு. கடைசியில் அந்த முத்திரையை விண்ணப்பத்தின்போது எங்களிடம் யாருமே கேட்கவில்லை! ஆகவே முதல் எச்சரிக்கை: எந்தப் பத்திரம் தேவை என்பதைத் துணைத் தூதரகத்திடம் மட்டும் கேளுங்கள். மாமா சொன்னார், ரியூசன் வாத்தியார் சொன்னார் என்று பஸ் ஏறாதீர்கள். இன்னொன்று, விண்ணப்ப காலத்துக்கு நடுவில்தான் சித்திரை வருடப் பிறப்பு வருகிறது. ஏப்ரல் 10இலிருந்து ஒரு கிழமைக்கு எந்த அலுவலகத்தையும் நம்ப வேண்டாம், பெரிய வெள்ளியும் அந்தப் பக்கமே வந்தால் இன்னும் மோசம். பத்திர வேலை எல்லாவற்றையும் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

வருடப் பிறப்பு முடிந்து அலுவலகங்கள் திறந்த அன்றே துணைத் தூதரகத்துக்குப் போனோம். கொழும்பு அனுபவத்துக்குப் பிறகு எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே கல்வி விடயங்களைப் பார்க்கிறவர் எங்களை இருக்கச் சொல்லி, கோப்பை வாங்கி, ஒவ்வொரு தாளாக மேசையில் பரப்பினார். பிறகு இரண்டு தாள்களை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவின் பின்பக்கத்தால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரில் வருகிற ‘சுந்தரம்’ ரீயும் எச்சும் (T, H) போட்டு எழுதியிருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே ‘சுந்தரம்’ அந்த இடத்தில் ஒரு டி (D) மட்டும் போட்டு எழுதியிருக்கிறது. “இது இரண்டும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இதைப் பார்க்கிற பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘த’ என்றால் ரீ, எச் போட்டு எழுதிப் பழகியவர்கள். இந்தியாவில் ‘சுந்தரம்’ என்றால் டி. மொழிபெயர்ப்பாளர் தனக்குச் சரியென்று பட்டதை எழுதிவிட்டார், நாங்களும் வாசித்துப் பார்க்காமல் காசு கொடுத்து வாங்கி வந்துவிட்டோம். போதாததற்கு பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்கிறது. மூன்று பத்திரம், மூன்று விதமான பெயர். நாங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரைப் போடுகிறவர்கள், குடும்பப் பெயர் என்று ஒன்றும் இல்லாதவர்கள், எனவே இந்தச் சிக்கல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். இப்போதே உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பப் போனேன். “நான் எழுதினதுதான் சரியான ஆங்கிலம், கடவுச்சீட்டுக்காரன்தான் பிழை” என்றார். திருத்த வேண்டுமென்றால் புதிதாகக் காசு, அதுவும் அடுத்த கிழமை. எங்களிடம் இருந்ததே எட்டு நாள். அவரோடு வாக்குவாதப்பட்டு அரை மணித்தியாலத்தை வீணாக்கினேன், அதை நான் செய்திருக்கக் கூடாது. பிறகு வேறொரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்து, கடவுச்சீட்டுக் கொப்பியையும் கையில் கொடுத்து, “இதில் உள்ள எழுத்துப்படியே போடுங்கள்” என்று கேட்டோம். இரண்டு நாளில் தந்துவிட்டார். பட்டச் சான்றிதழின் முதலெழுத்துக்காக ஒரு சட்டத்தரணியிடம் போய், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்து எடுத்தோம். சத்தியக்கடதாசியில் மூன்று பெயரும் மூன்று பத்திரத்தில் இருக்கிறபடியே, புள்ளி உட்பட, எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையதில் முதல் தடவை ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. இந்த முறை கையொப்பம் வைக்கு முன்னமே தங்கச்சி கண்டுபிடித்துவிட்டாள்.

உடற்தகுதிப் படிவம் இன்னொரு அலைச்சல். வைத்தியர் பார்த்துக் கையொப்பம் வைத்துத் தந்தார், வீட்டுக்கு வந்து பார்த்தால் முத்திரையில் பதிவிலக்கம் தெளிவில்லை. திரும்பப் போய்க் குத்தி வாங்கினோம். அங்கேயே நின்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

பாடகர்கள், வாத்தியக்காரர்கள், நடனக்காரர்கள் தாங்கள் வாசித்த அல்லது ஆடிய பதிவையும் கொடுக்க வேண்டும். தங்கச்சியிடம் அரங்கேற்ற வீடியோ இருந்தது, ஆனால் அதில் மிருதங்கம்தான் உரக்கக் கேட்கிறது, வயலின் எங்கேயோ தூரத்தில். புதிதாக எடுப்போம் என்றால் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு வளவு தள்ளி அம்மன் கோவில் திருவிழா, காலை ஐந்தரைக்கே ஒலிபெருக்கி போட்டுவிடுவார்கள். கடைசியில் விடிய நாலு மணிக்கு எழும்பி, முன்விறாந்தையில் பாயைப் போட்டு, மின்விசிறியையும் நிற்பாட்டி, அம்மா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் ஒரு வர்ணமும் ஒரு கிருதியும் வாசித்தாள். கிருதியின் சரணத்தில் ஒரு சேவல் கூவுகிறது. அதைத் திருப்பி எடுப்போமா என்று கேட்டேன். வேண்டாம், இதைவிட நல்லாக என்னால் வாசிக்க ஏலாது என்றாள். அந்தப் பதிவுதான் போனது. இப்போதும் அதைப் போட்டுக் கேட்பேன்.

முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பினோம். அதற்குப் பிறகு துணைத் தூதரகத்தில் ஆங்கிலத் தேர்வு, சின்னதாக ஒரு நேர்காணல், அவை நல்லபடி போயின. பிறகு காத்திருப்பு. முதல் தெரிவு இல்லை என்று வந்தது. இரண்டாவதிலிருந்து பதிலே இல்லை. ஒரு நாள் பின்னேரம் நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது தங்கச்சி அழைத்தாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, “அக்கா, டெல்லி” என்று மட்டும் சொன்னாள். சுன்னாகத்தில் இறங்க வேண்டிய நான் இரண்டு தரிப்பு தள்ளி இறங்கி நடந்து வந்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: இடம் கிடைத்தால் இணையத்தளத்திலேயே குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டும். மின்னஞ்சலை மட்டும் நம்பியிராமல் ஒவ்வொரு நாளும் உள்ளே போய்ப் பாருங்கள்.

விசா சிக்கலில்லாமல் வந்தது. பலாலியிலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி. கொழும்புக்குப் போகாமல் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத்தில் விமானம் ஏறியது எனக்குப் பெரிய ஆறுதல்.

போன பிறகு தெரிந்தவை கொஞ்சம். எம்.ஏ. பிள்ளைகளுக்கு உதவித்தொகை மாதம் 20,000 இந்திய ரூபாய், ஆனால் வங்கிக் கணக்குத் திறந்து, பதிவெல்லாம் முடிந்து முதல் பணம் கைக்கு வர நாளெடுக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் செலவுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள், எங்கள் பிள்ளை ஒரு மாதத்துக்கு மட்டும் கொண்டுபோய்ச் சிரமப்பட்டாள். மருத்துவக் காப்புறுதி கட்டாயம், வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத தொகைக்கு எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். இறங்கி 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு விடுதியிலிருந்து ஒரு படிவம் தேவை. விடுதி அலுவலகத்தில் முதல் நாளே கேட்டு வைத்தால்தான் நாள் தவறாது. அங்கேயும் பெயரைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டாராம். தங்கச்சி சத்தியக்கடதாசியின் மூலப்பிரதியை எடுத்து நீட்டியிருக்கிறாள், அதோடு முடிந்தது. ஆகவே அதில் மூன்று மூலப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், கொப்பி வேறு, மூலம் வேறு.

தம்பி அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறான். போன சனிக்கிழமை அவனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தோம். கடவுச்சீட்டுக் கொப்பியை மேலே குத்தி, அப்பாவின் பெயரில் அந்த ரீயையும் எச்சையும் சிவப்புப் பேனாவால் சுற்றி வளையம் போட்டுத்தான் கொடுத்தேன்.