அப்பாவுக்கு பஸ் டோக்கன் வாங்கிய கதை

அப்பாவின் கண் சொட்டு மருந்து பாட்டில் காலியாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. அலமாரியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போகலையாப்பா?" என்று கேட்டேன். "அன்னிக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருந்துச்சும்மா" என்றார். ரெண்டு நாள் கழித்து என் மகன்தான் உண்மையைச் சொன்னான். தாத்தாவிடம் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை. என்னிடமோ என் வீட்டுக்காரரிடமோ கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

கேட்டிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டோம். ஆனால் நாற்பது வருஷம் திண்டிவனம் பக்கம் தையல் மிஷின் மிதித்து எங்களை வளர்த்தவர், மகள் வீட்டில் மாப்பிள்ளை முன்னால் கை நீட்டுவாரா? அம்மா போன பிறகு, கண்ணில் பிரஷர் என்று சொல்லி மாதவரத்துக்கு எங்களோடு கூட்டி வந்தோம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் வைத்தியம். அங்கே போக ஒரு இடத்தில் பஸ் மாற வேண்டும். அதே பஸ்ஸில் நான் ஏறினால் மகளிருக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் எங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் அப்பா டிக்கெட் எடுக்க வேண்டும்.

சென்னையில் 60 வயது முடிந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் இலவச டோக்கன் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். 2016-இல் தொடங்கியது, கொரோனாவில் நின்றுபோய் 2022-இல் திரும்ப வந்தது. மாதத்துக்குப் பத்து பயணம். ஆறு மாதத்துக்கு 60 டோக்கன் ஒரே தடவையில் கையில் கொடுத்துவிடுவார்கள். ஏசி பஸ்ஸில் மட்டும் செல்லாது. வருமான வரம்பு எதுவும் இல்லை. வயதுக்கு ஒரு சான்று, இருப்பிடத்துக்கு ரேஷன் கார்டு, கலர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு. இவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

சிக்கல் ரேஷன் கார்டில். டோக்கன் சென்னையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். அப்பாவின் பெயரோ ஊரில் அண்ணனின் கார்டில் இருந்தது. அங்கே நீக்கி, என் கார்டில் சேர்க்க வேண்டும். ஆதாரிலும் ஊர் விலாசமே இருந்ததால் முதலில் அதை மாற்றிவிடலாம் என்று கிளம்பினோம். அதில் இணைத்திருந்த செல்போன் நம்பர் அம்மா உயிரோடு இருந்தபோது வாங்கியது. எப்போதோ செத்துப்போன நம்பர். ஓடிபி வராமல் ஆன்லைனில் ஒன்றும் நகராது.

ஆகவே ஆதார் மையத்துக்கே நேரில் போனோம். குடும்பத் தலைவர் என்ற முறையில் என் ஆதாரை வைத்து அப்பாவின் விலாசத்தை மாற்ற வழி இருக்கிறது. உறவுக்குச் சான்று வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தது, அதைக் காட்டினேன். அப்பாவின் கைரேகை முதல் ரெண்டு தடவையும் விழவில்லை. வருஷக்கணக்கில் துணியும் கத்திரியும் இஸ்திரிப் பெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரல். அங்கிருந்த பையன் ஈரத்துணியால் அவர் விரலைத் துடைத்துவிட்டு, "அழுத்தாதீங்க தாத்தா, சும்மா வைங்க" என்றான். மூன்றாவது தடவை விழுந்தது. நம்பரையும் அன்றே மாற்றிக்கொண்டோம். இதே நிலைமையில் யாராவது இருந்தால், செல்போன் நம்பரை முதலில் சரிசெய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் நகரும்.

விலாசம் மாறியதும், ஊரில் அண்ணன் அவன் கார்டிலிருந்து அப்பா பெயரை நீக்க விண்ணப்பித்தான். நீக்கல் சான்று வந்த பிறகு என் கார்டில் சேர்க்கப் போட்டோம். அது முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அக்டோபரில் ஆரம்பித்தது, டிசம்பர் நடுவில் என் கார்டில் அப்பாவின் பெயர் ஏறியது. ஜனவரி முதல் ஜூன் வரைக்கான டோக்கன் டிசம்பர் 21-ஆம் தேதியே கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதல் நாட்களில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதால் நாங்கள் ஜனவரி முதல் வாரத்தில் போனோம்.

போட்டோ எடுக்கும் அன்று அப்பா தானே தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். கண் சரியாகத் தெரியாமல் காலரில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. "விடுப்பா, போட்டோல தெரியாது" என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்று திரும்பத் தண்ணீர் தெளித்து எடுத்தார்.

டோக்கன் கொடுக்கும் பஸ் டிப்போவில் வரிசை ஒன்றும் பெரிதில்லை. எல்லாம் எங்கள் அப்பா வயசு ஆட்கள். ஒருவர் மனைவியை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ரெண்டு பேர் காகிதத்தையும் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அங்கேயே படிவம் கொடுத்தார்கள், நான் நிரப்பினேன். கையெழுத்து மட்டும் அப்பா போட்டார். கோடு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துப் போட்டார். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு ஜெராக்ஸை வாங்கிக்கொண்டார்கள். போட்டோ ஒட்டிய அட்டையும் டோக்கனும் கைக்கு வந்தன. "அட்டைய பத்திரமா வைங்க ஐயா, அடுத்த தடவ இதைக் காட்டினாப் போதும்" என்றார் கொடுத்த அம்மா.

டோக்கனை வைக்க அப்பா வெட்டுத்துணியில் ஒரு சின்னப் பை தைத்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. பொத்தானும் காஜாவும் உண்டு. சட்டையின் உள்பாக்கெட் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது.

இதையெல்லாம் எங்கள் குடியிருப்பில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டுக்காரர் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார். பென்ஷன் வாங்குகிறவருக்கும் காரில் போகிறவருக்கும் அரசாங்கம் ஏன் இலவச பஸ் கொடுக்க வேண்டும்? இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? நானும் யோசித்தேன். கார் வைத்திருப்பவர் பத்து டோக்கனுக்காக டிப்போ வாசலில் நிற்பது அபூர்வம். அவரைத் தடுக்க வருமானச் சான்று கேட்டால், அது என் அப்பா ஏற வேண்டிய இன்னொரு ஆபீஸ் படிக்கட்டு. ரேஷன் கார்டுக்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரை ஆனது. அதுவும் கூட அலைய ஆள் இருந்ததால் முடிந்தது. தனியாக இருக்கும் பெரியவர் பாதியிலேயே விட்டிருப்பார்.

காலை நெரிசல் நேரத்தில் மட்டும் டோக்கன் செல்லாது என்று வைக்கலாமே என்றார் இன்னொருவர். அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டு காலையில்தான் போடுகிறார்கள். பெரியவர்கள் அந்த நேரத்தில் பஸ்ஸில் தொங்குவது ஆசைப்பட்டா? கேட்டால் டோக்கன் போதவில்லை என்றுதான் நான் சொல்வேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய் வர அப்பாவுக்கு நாலு டோக்கன். மாதம் ரெண்டு தடவை போனால் எட்டு. மிச்சம் ரெண்டு.

எனக்கு உள்ளூர ஒரு பயமும் இருக்கிறது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி எடுத்தார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. டோக்கன் திரும்பியது பெரிய விஷயம். அது நிலைக்க வேண்டும், மாதம் பத்து என்பது பதினைந்தாக வேண்டும். படி உயரமான பஸ்ஸுக்குப் பதிலாக 2024-இல் வந்த தாழ்தளப் பேருந்துகள் எங்கள் பக்கமும் நிறைய ஓட வேண்டும். டோக்கன் கையில் இருந்தும் கால் எட்டாவிட்டால் எப்படி ஏறுவது?

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அப்பா வீட்டில் இல்லை. போனும் எடுக்கவில்லை. பதறிப்போய் ஸ்டாப் வரை ஓடினேன். சாயங்காலம் நாலரைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சப்பை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போயிருக்கிறார். அவரோடு சேர்ந்து தொழில் கற்றுக்கொண்ட சிநேகிதர் ஒருவர் அங்கே இன்னும் கடை வைத்திருக்கிறாராம். இருபது வருஷம் கழித்துப் பார்த்ததாம்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதாப்பா?"

"ரெண்டு டோக்கன் மிச்சம் இருந்துச்சும்மா" என்றார்.

பைக்குள் அந்த சிநேகிதர் கொடுத்த துண்டுத்துணிகள். என் மகனுக்கு டிராயர் தைக்கலாம் என்று கொண்டு வந்திருக்கிறார். அன்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. போனை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு மருந்து பாட்டில் காலியாக இருந்து நான் பார்க்கவில்லை. அடுத்த அரையாண்டு டோக்கன் ஜூன் 21-இல் கொடுக்க ஆரம்பிப்பார்கள். நேற்று சமையலறைக் காலண்டரில் பார்த்தேன். ஜூன் தாளில் அந்தத் தேதியைச் சுற்றி, தையல்கடையில் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸால் ஒரு வட்டம்.