செனூனாவின் காணிக்கைத் தகடு: செம்பில் ஒரு நகல்

2002இல் இங்கிலாந்தின் ஹர்ட்ஃபோர்ட்ஷயரில், ஆஷ்வெல் ஊருக்கு அருகே ஒரு வயலில் மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுத்த புதையலில் பொன்னும் வெள்ளியுமாக 27 பொருள்கள் இருந்தன. பெரும்பாலானவை இலை வடிவக் காணிக்கைத் தகடுகள். அவற்றில் வரும் உருவம் ஈட்டியும் கேடயமும் ஏந்திய ரோமானியப் பெண் தெய்வம் மினெர்வா. பொறித்த பெயரோ உள்ளூர் தெய்வத்துடையது. முதலில் செனுவா என்று படித்தார்கள், பிறகு செனூனா என்று திருத்தினார்கள். கூடவே கிடைத்த சிறு வெள்ளிச் சிலையை அளித்தவள் ஃபிளாவியா கூனோரிஸ் என்ற பெண். எல்லாம் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

நகலுக்கு 0.1 மி.மீ. செம்புத் தகடு, 8 × 14 செ.மீ. போதும். குளிர்பான டின்னும் ஏறக்குறைய அதே கனம்தான், ஆனால் அழுத்திய இடம் எம்பித் திரும்பும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். செம்பை இடுக்கியில் பிடித்து, மங்கிய வெளிச்சத்தில் கேஸ் தீயில் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் தண்ணீரில் போட வேண்டும். செம்பு இதனால் கெட்டிப்படாது, இளகும். மேலே படியும் கருப்பு புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

இலை நரம்புகளை ரப்பர் பாய் மேல் வைத்துப் பின்புறமிருந்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தலாம். பிறகு தகட்டைத் திருப்பிக் கண்ணாடி மேல் வைத்து, மேடுகளின் இரு ஓரங்களையும் ஐஸ்குச்சி முனையால் தேய்த்தால்தான் கோடு கூர்மையாகும். இதை விட்டுவிட்டால் இலை வெறும் சுருக்கம் விழுந்த தாளாகத்தான் தெரியும். ஒரே கோட்டில் மூன்று நான்கு முறைக்கு மேல் போனால் செம்பு இறுகி நரம்பின் உச்சியில் கிழியும். தகடு விறைப்பதைக் கை உணர்ந்தவுடன் மறுபடி தீயில் காட்ட வேண்டும்.

மினெர்வாவை நேராகத் தகட்டில் வரைவது வீண் வேலை, 4 செ.மீ. உருவத்தில் முகம் பிசகிவிடும். கெட்டி மரத்துண்டில் குழிவாகச் செதுக்கிய அச்சில் தகட்டை வைத்து, பென்சில் ரப்பரால் தேய்த்து இறக்குவது நல்லது. பிளாஸ்டர் அச்சு ஓரம் உதிரும்.

தொல்லை எழுத்தில்தான். ‘செனூனா தெய்வத்துக்கு’ என்பது லத்தீனில் DEAE SENVNAE (யு-வும் வி-யாகவே வரும்), 4 + 7 எழுத்துகள், 5 செ.மீ. சட்டத்தில் இரண்டு வரி, எழுத்துக்கு 6 மி.மீ. கொடுத்தால் அடங்கும். புடைத்து நிற்க வேண்டுமானால் பின்புறத்திலிருந்து இடவலம் மாற்றி எழுத வேண்டும். ஏ, வி இரண்டும் எப்படித் திரும்பினாலும் ஒன்றுதான். மாட்டிவிடுவது என், எஸ். டிரேசிங் தாளில் எழுதி, அதைத் திருப்பி ஒட்டி, அதன் மேலேயே அழுத்தினால் குழப்பமில்லை. புள்ளியாகக் குத்துவதென்றால் ஊசி வேண்டாம், துளைத்துவிடும். நுனி மழுங்கத் தேய்த்த ஆணி போதும். புள்ளிகளுக்கு இடையே 1 மி.மீ.க்குக் குறைந்தால் தபால்தலை ஓரம்போலக் கிழியும்.

இலை வடிவத்தைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஓரம் சுருளும், எழுத்து வரியும் கோணும். பொன்னிறப் பெயின்ட் பள்ளங்களை அடைத்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. அடுத்த தகடு அதே கனத்தில் பித்தளையில். நிறம் அதுவாகவே அமையும், ஆனால் தீயில் அடிக்கடி காட்ட வேண்டியிருக்கும்.