குண்டு மேலே ஏறக் கூடாது

ராயபுரத்தில் ஒரு பழைய சர்ச்சில் போன ஞாயிறு சாயங்காலம் ஆர்கன் கச்சேரி. ஆர்கன் என்றால் மோட்டார் ஊதும் காற்றில் குழல்கள் ஒலிக்கிற பெரிய கீபோர்டு வாத்தியம். டிக்கெட் இல்லை என்றதும் அம்மா என்னையும் கிளப்பிவிட்டார். ஜன்னலெல்லாம் திறந்திருந்ததால் கருவாட்டு வாசனையும் ஹார்பர் லாரிகளின் ஹாரனும் தாராளமாக உள்ளே வந்தன.

முதலில் பரோக், அதாவது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் டி மைனர் டொக்காட்டாவும் (விரல் வேகத்தைக் காட்டும் உருப்படி) ஃபியூகும்தான், பேய்ப்படம் பார்த்த எவருக்கும் முதல் மூன்று சுரமே போதும் (அதை எழுதியது பாக்தானா என்றே ஆய்வாளர்களில் சிலருக்குச் சந்தேகம், அது தனிக்கதை). காலால் மிதிக்கிற பெடலில் அடி சுரம் வந்தபோது பெஞ்ச் அதிர்ந்தது. கண்டெய்னர் லாரி போகிறது என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன், லாரியே இல்லை. ஃபியூகில் ஒரு குரலை இன்னொரு குரல் அதே மெட்டோடு துரத்திக்கொண்டு வரும்போது அம்மா என் காதில், "டேய், இது ராஜா போட்ட மாதிரி இல்ல?" என்றார். தப்பில்லை. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் இளையராஜா 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்றே ஒன்று போட்டிருக்கிறார், அம்மா அந்த கேசட்டைத் தேய்த்தே தீர்த்தவர்.

அப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் காலத்துக்காக விடோரின் டொக்காட்டா. பாரிஸ் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் அறுபது வருஷத்துக்கு மேல் ஆர்கன் வாசித்த மனுஷன், 1879இல் எழுதிய ஐந்தாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி. வலது கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பாதியில் கரண்ட் போயிற்று.

ஆர்கன் பொட்டென்று நிற்கவில்லை. மோட்டார் நின்றாலும் துருத்தியில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும் அல்லவா, அது தீரத் தீரச் சுருதி இறங்கி, குழல்கள் ஒவ்வொன்றாய் முனகி அடங்கின. ஃபேனும் நின்றது. யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆர்கன் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போனார். மோட்டார் வருவதற்கு முன் கையால் காற்றடித்த மரப்பிடி இன்னும் அங்கேயே இருந்தது. நான்கைந்து தடவை அழுத்திவிட்டு, "தம்பி, இங்க வா" என்று என்னைத்தான் கூப்பிட்டார்.

பெட்டியின் சுவரில் நூலில் ஒரு சின்ன ஈயக்குண்டு தொங்கியது. துருத்தி நிரம்பினால் அது இறங்கும், காற்றுத் தீர்ந்தால் ஏறும். பக்கத்தில் பென்சிலில் ஒரு கோடு. "குண்டு இந்தக் கோட்டுக்கு மேல ஏறக் கூடாது, அவ்ளோதான்."

கடைசி உருப்படி ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர், 2014இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்'. படத்துக்கு லண்டன் டெம்பிள் சர்ச் ஆர்கனில் பதிவு செய்த இசை. நான் காத்திருந்ததே அதற்குத்தான். எல்லா ஸ்டாப்பையும் (குழல் வரிசைகளைத் திறந்துவிடும் குமிழ்கள்) இழுத்துவிட்டுப் பத்து விரலையும் அழுத்தினால் அது எவ்வளவு காற்றைக் குடிக்கும் என்று எந்த ஹெட்போனிலும் தெரியாது. தோள்பட்டை கழன்றுவிட்டது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "கடைசிப் பாட்டு எப்படிடா இருந்துச்சு?"

"குண்டு ஏறவே இல்லம்மா."