வாசிக்கத் தெரிந்த பிறகும் வாசித்துக் காட்டுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசும்போது, ஏதாவது ஓர் அம்மா இதைச் சொல்லிவிடுவார்: "இப்போதுதான் பிள்ளையே எழுத்துக்கூட்டி வாசிக்கிறதே, இனி நாம் எதற்கு வாசித்துக் காட்ட வேண்டும்?" எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. என் மகள் மதுரையில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தானாகவே வாசிக்கிறாள். இரவில் நான் வாசித்துக் காட்டுவதும் நிற்கவில்லை. இந்த வயதில்தான் அது நிற்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டும் அவள் ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். "தினமும் இரண்டு பக்கம் வாசிக்க வைத்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று டைரியில் எழுதி வரும். அவளும் தங்குதடையின்றி வாசிப்பாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, அவள் விரல் மூன்றாவது வரியில் இருந்தது, வாய் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டது. நான் பக்கத்தைக் கையால் மூடினேன். அவள் நிறுத்தவே இல்லை. பாடம் முழுவதும் மனப்பாடம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொன்னதை அப்படியே பிடித்து வைத்திருந்தாள். எனக்கு அதில் கோபம் வரவில்லை. கேட்டதை விடாத காது அவளுக்கு இருக்கிறது, எழுத்து அதன் பின்னால் மெதுவாக வந்து சேரட்டும் என்று தோன்றியது.

ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தோம். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டப்படி அங்கே பாட்டு, கதை, அட்டை, விளையாட்டு என்றுதான் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். என் மகள் வெகுநாள் அரும்பிலேயே இருந்தாள். உறவினர்கள் கவலைப்பட்டார்கள். டீச்சர் கவலைப்படவில்லை. "வீட்டில் கதை கேட்கிறாள் அல்லவா, அது போதும், தானாக வரும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

247 எழுத்து என்று சொல்லிப் பெற்றோர் மலைக்கிறார்கள். பிள்ளையை உண்மையில் திணறடிப்பது அந்த எண்ணிக்கை அல்ல, கொம்பு. 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால், நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிற பிள்ளை என்ன செய்யும்? 'கொடி' என்ற சொல்லில் என் மகள் "கெ" என்றாள், காலைப் பார்த்து நின்றாள், மறுபடி "கெ" என்றாள், பிறகு திடீரென்று "கொடி! துணி காயப் போடுகிற கொடி!" என்று கத்தினாள். கண் பாதி வழி போனது, மீதியைக் காது முடித்துக் கொடுத்தது. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று விதம். அச்சொற்களை முன்பே கேட்டிருக்கிற பிள்ளைக்கு இது ஒரு தடையே அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் அச்சாகிற தமிழ் வேறு. முதன்முதலாக ஒரு நரிக் கதையை உள்ளபடியே வாசித்துக் காட்டியபோது அவள் கேட்டாள்: "நரி ஏன் அம்மா டிவியில் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுகிறது?" சரியான கேள்வி. அந்தத் தமிழை ஒரு குழந்தை தெருவிலோ அடுப்படியிலோ கேட்பதில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால்தான் கேட்கும். கேட்டுப் பழகாத தமிழை ஆறு வயதில் தானே வாசித்துப் புரிந்துகொள் என்று சொல்வது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர் என் மாமியார். பிள்ளைகளுக்கு அப்பத்தா. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தினத்தந்தியை வாய்விட்டு, சற்று ராகம் போட்டு வாசிப்பார். பேத்தி மடியில் சாய்ந்துகொண்டு தங்கம் விலையிலிருந்து விபத்துச் செய்தி வரை கேட்பாள். விபத்துச் செய்தியை மட்டும் அத்தை பாதியில் விட்டுத் தாண்டிவிடுவார்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதன் சிறுவர் பகுதிதான். தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம், யாரும் அதட்டுவதில்லை. பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த மெல்லிய புத்தகங்கள். ஒன்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்பதே பிள்ளைக்குப் பெருமை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வந்தால் மட்டும் அவளே தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். அவள் எடுப்பது எனக்குப் பிடிக்காவிட்டாலும் வாயைத் திறப்பதில்லை.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு யானைக் கதையை என் மகள் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டாள், மழைக்காலம் முழுவதும் அதே யானை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அதில் ஏதோ வேலை இருந்திருக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஓர் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகனைத் தனக்கு வாசிக்கச் சொல்லிவிட்டு, சோறு பொங்கியபடியே "அப்புறம்? அந்தப் பாட்டி எங்கே போனாள்?" என்று கேட்பாராம். அவனும் விடாமல் வாசிக்கிறான். பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் அவனை இழுத்துப் போகிறது.

என் சின்னவன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். அக்காதான் அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாள். படத்தில் இல்லாத நாயைப் பற்றி அவன் வரிக்கு வரி கேட்க, அவளும் கொஞ்ச நேரம் பதில் சொல்லிப் பார்ப்பாள். பிறகு "அம்மா, நீயே வாசி" என்று புத்தகத்தை என்னிடம் தள்ளிவிட்டு, தம்பியை நகர்த்தி எனக்குப் பக்கத்து இடத்தைத் தான் பிடித்துக்கொள்வாள்.