கருப்பு அரிசியைப் பிடிக்கும் கண்

மன்னார்குடி பக்கம் மச்சான் வேலை பார்க்கும் ரைஸ் மில்லுக்கு நேற்று போயிருந்தேன். குறுவை அறுப்பில் மழை பிடித்த நெல். அரிசியில் பழுப்பும் கருப்பும் ஏகம். முறத்தில் போட்டுப் பொறுக்கினால் ஒரு மூட்டைக்கே பொழுது போய்விடும்.

அங்கே அந்த வேலை, நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷினான கலர் சார்ட்டருக்கு. (எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி மெஷின் என்றாலும் 'சார்டெக்ஸ்'தான்!) சரிவான தகட்டில் அரிசி வழுக்கி விழும்போது எல்இடி வெளிச்சம், எதிரே கேமரா. உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு தன்மேல் படும் ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது. வெள்ளை மணி ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். கருப்பு மணி விழுங்கிவிடும். மின்சாரம் குறைந்ததும், அந்த மணி இன்னும் கொஞ்சம் கீழே வருவதற்குள் வால்வு திறந்து 'டிக்'கென்று காற்று ஊதித் தனியே தள்ளிவிடும். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல ஓயாத 'டிக் டிக்'.

திடீரென்று கழிவில் நல்ல அரிசியும் கொட்ட ஆரம்பித்தது. நான் பதறினேன். மச்சான் சாவகாசமாகத் துணியை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியைத் துடைத்தார். தவிட்டுத் தூசி!

மூட்டை எண்ணும் சென்சார் இன்னும் எளிது. பெல்ட்டுக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கதிர். மறைந்தால் கணக்கில் ஒன்று ஏறும். சும்மா கையை நீட்டிப் பார்த்தேன், ஒரு மூட்டை கூடிவிட்டது. அப்புறம் மச்சான் என்னைக் கிட்டவே விடவில்லை.