சத்திரசிகிச்சைக்கு முன்னர் நான் கேட்காத கேள்வி

2023ஆம் ஆண்டு மாசி மாதம், கொழும்பில் உள்ள அரச வைத்தியசாலையொன்றில் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள எனது புரொஸ்ரேற் சுரப்பியைப் புற்றுநோய் காரணமாக முழுமையாக அகற்றினார்கள். அப்போது எனக்கு 61 வயது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால், எதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வைத்தியரிடம் கேட்பதற்காக எழுதிய கேள்விகள் அதில் அப்படியே இருக்கின்றன: மோட்டார் சைக்கிள் எப்போது ஓட்டலாம், எத்தனை கிலோ தூக்கலாம், சிறுபோகத்துக்கு வயலில் இறங்கலாமா. ஆணுறுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டபோது இளம் வைத்தியர் ஒருவர் சிங்களத்தில் நீண்ட நேரம் விளக்கினார்; அதைத் தமிழில் சொல்ல வந்த தாதி, மகள் வயதுப் பிள்ளை, "மற்றப் பிரச்சினையளும் கொஞ்சம் வரலாம் ஐயா" என்று முடித்துவிட்டார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். நானும் எந்தப் பிரச்சினை என்று கேட்கவில்லை.

விறைப்பை உண்டாக்கும் நரம்புகள் அந்தச் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு மெல்லிய கட்டுகளாகச் செல்கின்றன. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பற்றிக் வோல்ஷ் என்ற நிபுணர் அவற்றை இனங்கண்டு காப்பாற்றிச் சத்திரசிகிச்சை செய்துகாட்டும் வரை, இந்தச் சிகிச்சைக்கு உட்பட்ட ஆண்களில் பெரும்பாலானோர் விறைப்பை இழந்தே வீடு திரும்பினார்கள். எனக்கு வலப்பக்க நரம்புக்கட்டு காப்பாற்றப்பட்டது; இடப்பக்கத்தில் புற்று ஓரத்தை நெருங்கியிருந்ததால் அதையும் சேர்த்து வெட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில் இந்த விபரம் அரை வரியில் இருந்தது. அதன் பொருளை நான் விளங்கிக்கொள்ள ஏழு மாதங்கள் எடுத்தன.

சிறுநீரை வெளியேற்றும் கதீற்றர் குழாயுடன் கிளிநொச்சிக்கு வந்ததும், குழாய் கழன்ற பின் சிறுநீர் ஒழுகியதும், பம்பர்ஸ் கட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போனதும் எல்லோரும் கடக்கும் கட்டங்கள். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நாளுக்கு மூன்று முறை செய்தேன்; நான்காம் மாதம் ஒழுக்கு ஏறக்குறைய நின்றது. உடல் தேறியது என்று ஊர் சொன்னது. ஆனால் காலையில் எழும்பும்போது முன்பு தானாக வரும் விறைப்பு ஒரு நாளும் வரவில்லை.

நானும் மனைவியும் இதைப் பற்றிப் பேசவில்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குள் இன்னொரு குடும்பத்துடன், நடுவில் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தவர்கள் நாங்கள். விலகிப் படுப்பது எங்களுக்குப் புதிதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யான ஒப்பீடு. முகாமில் இருவரும் சேர்ந்தே காத்திருந்தோம். இப்போது நான் மட்டும் விறாந்தைக்குப் பாயைக் கொண்டுபோய், உள்ளே வெக்கை என்று காரணம் சொன்னேன். தன்னை எனக்கு விருப்பமில்லாமல் போய்விட்டதென்று மனைவி நினைத்திருக்கிறார். அதை ஒரு வருடம் கழித்தே எனக்குச் சொன்னார்.

ஏழாம் மாதக் கிளினிக்கில் வைத்திய நிபுணர் புற்று திரும்புகிறதா என்று இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 0.1க்குக் கீழே என்று சொல்லிக் கொப்பியை மூடப்போனார். அப்போது மனைவி, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, "டொக்டர், இவருக்கு மற்றது சரி வருமோ? இவர் கேக்க மாட்டார்" என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் கொப்பியைத் திரும்பத் திறந்தார். வெட்டாமல் விட்ட நரம்பும் கை பட்டதில் மரத்துப்போயிருக்கும், அது தேற ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை செல்லலாம், ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் முழுமையாகத் திரும்பும் என்று வாக்குத் தர முடியாது, ஆனால் அதுவரை இரத்த ஓட்டம் இல்லாமல் தசையைக் கிடக்கவிடுவது நல்லதல்ல என்றார். அன்று அவர் சொன்ன சொல் "விறைப்புக் குறைபாடு". பத்திரிகை விளம்பரங்களில் வரும் "ஆண்மைக்குறைவு" என்ற சொல்லை அவர் ஒரு முறையும் பாவிக்கவில்லை. அந்த விளம்பரச் சொல்லை நானும் அன்றோடு விட்டுவிட்டேன்; சுரப்பியோடு ஆண்மையையும் வெட்டி எடுத்ததாக ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

சில்டெனாபில் 50 மில்லிகிராம் குளிசை எழுதித் தந்தார். அதற்கு முன்பு, நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசை பாவிக்கிறேனா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு விழுந்துவிடும். ஊர்ப் பாமசியில் நிற்கும் பொடியன் என்னிடம் நெற்செய்கை வகுப்புக்கு வந்தவரின் மகன். ஆகவே பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய் வாங்கினேன்.

முதல் மூன்று தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. இரவு பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டுக் குளிசையைப் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். கொழுப்பான சாப்பாடு மருந்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும், வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும், விருப்பமும் தொடுகையும் இல்லாமல் அது தானாக வேலை செய்யாது என்பவை பிறகு கேட்டறிந்தவை. நரம்பிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெருக்குவதுதான் அந்தக் குளிசையின் வேலை. சமிக்ஞையே வராத மாதங்களில் பெருக்க அதற்கு ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில், உறவினர் ஒருவர் சொன்ன இலேகியத்துக்கும் காசு செலவழித்தேன். வைத்தியர் அதைக் கேட்டுக் கோபித்தார்: இப்படிப்பட்ட சில தயாரிப்புகளில் அதே சில்டெனாபிலைச் சொல்லாமல் கலந்திருப்பார்கள், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பின்னர் வெற்றிடப் பம்பு ஒன்றைக் கொழும்பிலிருந்து வாங்கினோம். பிளாஸ்ரிக் குழாய்க்குள் உறுப்பை வைத்துக் காற்றை இழுத்தால் இரத்தம் வந்து நிரம்பும். அடியில் இறப்பர் வளையம் போட்டு அதைத் தடுத்து வைக்கலாம், ஆனால் முப்பது நிமிடத்துக்குள் கழற்றியே ஆக வேண்டும். முதன்முறை அறைக் கதவைப் பூட்டிவிட்டு நான் அதை இழுத்துக்கொண்டிருந்தபோது மனைவி, "இஞ்சாருங்கோ, வயலுக்குத் தண்ணி இறைக்கிற மிசின் பிடிக்காத மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அன்று எதுவும் நடக்கவில்லை; ஆனால் பாய் விறாந்தையிலிருந்து உள்ளே வந்தது. குளிர்ச்சியாகவும் சற்று நீலம் பாய்ந்ததாகவும் இருக்கும் அந்த விறைப்பு எனக்கு அந்நியமாகவே பட்டது, என்றாலும் தினம் பத்து நிமிடம், வளையம் போடாமல், பயிற்சியாகச் செய்தேன்.

பதினான்காம் மாதம் ஒரு காலையில் அரைகுறையாக ஒரு விறைப்பு வந்தது. குறிப்புப் புத்தகத்தில் திகதி போட்டு எழுதினேன். இப்போது 100 மில்லிகிராம் குளிசையுடன் பத்துக்கு ஆறு தடவை போதுமான அளவுக்கு வருகிறது. உச்சத்தில் விந்து வராது, ஏனெனில் அதை உண்டாக்கும் பைகளும் சுரப்பியோடு போய்விட்டன. சுகம் மட்டும் இருக்கிறது. சில வேளை அத்தருணத்தில் சிறுநீர் சிறிது கசியும், முன்கூட்டியே கழித்துவிட்டு ஒரு துவாயை விரித்துக்கொள்கிறோம். விறைப்புக்கு ஊசி முறை ஒன்றும் உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

சென்ற மாதம் ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர், தனக்கு இதே சத்திரசிகிச்சை என்று தேடி வந்தார். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்: எந்தப் பக்க நரம்பைக் காப்பாற்ற முடியும், குளிசையை எப்போது தொடங்குவது, தமிழில் முழுமையாக விளக்க யார் இருக்கிறார்கள், மனைவியை உள்ளே கூட்டிச் செல்லலாமா. கடைசி வரியை இரண்டு தரம் படித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, இந்தமுறை நெல்லுக்கு என்ன விலை போகும் என்று கேட்டார்.